கடைசிப் பாய் எடுத்த பிறகுதான் விசில்

எங்கள் கரையில் பந்தாட்டம் தொடங்குவதற்கு ஒரு முறை இருந்தது. மைதானத்தில் காயும் கருவாட்டுப் பாய்களில் கடைசிப் பாயும் எடுபடும்வரை நடுவர் விசில் ஊதமாட்டார். நாலு மணிக்கு ஆட்டம் என்றால் மூன்றரைக்கே இரண்டு பக்கப் பொடியன்களும் காற்சட்டையோடு வந்து நின்றுவிடுவார்கள். நாங்கள் எட்டுப் பத்துப் பெண்கள் குனிந்தபடி நெத்தலியை அள்ளிக்கொண்டிருப்போம். நெத்தலியை அவசரப்பட்டு அள்ள ஏலாது. தலை உடைந்துபோனால் கடைக்காரன் அதைத் தனியாக ஒதுக்கிவிடுவான். நடுவர் விசிலை வாயில் வைத்து, கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்தபடி நிற்பார். எப்போதும் கடைசி ஆள் நான்தான்.

"ஆச்சி, உங்கட நெத்தலி கோலுக்குள்ள கிடக்கு. அதையும் ஒரு கோலா எழுதட்டோ?" என்று ஒருநாள் அவர் கேட்டார்.

"எழுது ராசா. இவங்கள் அடிக்கப்போறதை விட அது கூடத்தான்," என்றேன். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த நாள் உண்மையிலேயே ஒருவரும் கோல் அடிக்கவில்லை.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என்னுடைய கதையைப் புத்தகத் தமிழாக்கிப் போடுகிறாள், அது அவள் விருப்பம். சனங்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே விடு என்று சொல்லியிருக்கிறேன்.

மைதானம் என்றதும் பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். துறைமுகப் பக்கம் போகும் தெருவுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வெறும் மணல்வெளி, அவ்வளவுதான். புல் என்று சொல்ல ஒரு மூலையில் அடம்பன்கொடி. ஒரு பக்கத்துக் கோல் கம்பங்கள் இரும்புக் குழாய், மறுபக்கத்தில் பனங்குற்றி. ஆனால் வெயில் காலை ஏழு மணிக்கு வந்து விழுந்தால் பின்னேரம் ஐந்து மணிவரை எழும்பாது. குறுக்கே ஒரு மரம் இல்லை, ஒரு மாடிவீடு இல்லை. கருவாடு போடுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? உப்பைக் கடையில் வாங்கலாம். மீனைத் தோணிக்காரரிடம் வாங்கலாம். மறைவில்லாத வெயிலை எங்கே போய் வாங்குவது?

நான் பந்தாட்டப் பைத்தியம். என் மனுசன் கோலுக்கு நின்றவர். அவரைத் தாண்டிப் போன பந்துகளைப் பிடித்துக் கொடுப்பதற்கென்றே கம்பத்துக்குப் பின்னால் போய் நிற்பேன். அதனால் அவர் வீட்டில் எத்தனையோ நாள் என்னோடு கதைக்காமல் இருந்திருக்கிறார். அந்தக் கதை இப்போது வேண்டாம், அது நீண்டுகொண்டே போகும்.

மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனுசனின் தங்கச்சி. மைதானத்தில் எனக்குப் பக்கத்துப் பாய் அவளுடையது. அவளுக்குப் பந்தாட்டம் என்றால், இருபத்திரண்டு பேர் சேர்ந்து வந்து தன்னுடைய பின்னேர வெயிலைக் களவெடுக்கிற வேலை. முறுமுறுத்துக்கொண்டுதான் பாயைச் சுருட்டுவாள். ஆனாலும் எனக்கு முன்பே சுருட்டிவிடுவாள். புருசன் கடலுக்குப் போய்த் திரும்பி வராமல் பல வருசம் ஆகிவிட்டது. ஒரே மகள் இலங்கைத்துறையில் கலியாணம் கட்டி, அங்கே தன்னுடைய சீவியத்துக்கே இழுபட்டுக்கொண்டிருந்தாள். என் மகன் ஓட்டோ ஓடுகிறான், எனக்குச் சோறு போடுகிறான். நான் மைதானத்துக்குப் போனது கை சும்மா இருக்காது என்பதற்காக. மச்சாள் அப்படி இல்லை. அவளுடைய பாயில் மீன் காய்ந்தால்தான் அவளுடைய அடுப்பில் பானை ஏறும். மற்றப் பெண்களிலும் பாதிப் பேர் அவளைப்போலத்தான்.

அந்த மைதானத்தில் ஸ்ரேடியம் கட்டப் போகிறார்கள் என்ற கதையைச் சந்திக் கடைக்காரத் தம்பிதான் முதலில் சொன்னார். பத்திரிகை வாசிக்கிறவர். சும்மா ஸ்ரேடியம் இல்லையாம், காசுக்கு விளையாடுகிற பெரிய கழகங்கள் வந்து ஆடுகிற மாதிரியாம். சுற்றிவர சீமெந்துப் படிகள், ஒரு பக்கம் கூரை, இரவிலும் விளையாட லைட். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வாங்க வந்த தேயிலையை மறந்து அங்கேயே கதைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆருட காசில தம்பி கட்டுறது? அந்தக் கழகக்காரரோ?"

"அவங்கள் ஏன் கட்டப்போறாங்கள் ஆச்சி. அரசாங்கக் காசு. உங்கட காசுதான்."

"என்ர காசோ?"

அவர் என் கையில் இருந்த சவர்க்காரத்தைக் காட்டினார். இதற்குள் வரி இருக்கிறது, சீனிக்குள் இருக்கிறது, நான் மகனுடன் கதைக்கிற போன் காசுக்குள்ளும் இருக்கிறது, அதெல்லாம் சேர்ந்துதான் ஸ்ரேடியம் என்று விளங்கப்படுத்தினார். நான் இத்தனை வருசமாகச் சவர்க்காரம் போட்டுக் குளித்ததை எல்லாம் யோசித்துப் பார்த்தேன். அப்படியென்றால் ஒரு படியாவது நான் கட்டியதாக இருக்கும் என்று கேட்டேன். ஒரு படி தாராளமாக இருக்கும் என்றார் தம்பி.

அன்றிலிருந்து என்னுடைய படி, என்னுடைய படி என்று மைதானம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கோலுக்குப் பின்னால், கீழிருந்து மூன்றாவது. அதுதான் வேண்டும் என்று மனதுக்குள் பிடித்தும் வைத்துவிட்டேன். மற்றப் பெண்கள், "அப்ப எனக்குப் பக்கத்துப் படி" என்று பகிடி பண்ணினார்கள். மச்சாள் மட்டும் மீனைத் திருப்பிப் போட்டபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"படி கட்டினா, பாய் எங்க போடுறது?"

அதற்கு என்னிடம் மறுமொழி இருந்தது. மைதானத்தைப் பாவிக்கிற ஆட்களுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுப்பார்கள் என்று கிராம சேவகர் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு ஐயா வந்து இடத்தைப் பார்ப்பார், யார் யார் எதற்குப் பாவிக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போவார், அதன்படிதான் எல்லாம் நடக்கும். வெள்ளிக்கிழமை காலை வருவார். இவ்வளவும் கிராம சேவகரே வந்து எங்களிடம் சொன்னவை. ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

இனிச் சொல்லப் போவது என்னுடைய வேலை.

எங்கள் கரைக்கு வெளியாள் யாராவது வந்தால் நாங்கள் மைதானத்தைத் துப்புரவாக்கிவிடுவோம். இறுதி ஆட்டத்துக்குப் பிரதம விருந்தினர் வந்தாலும் சரி, ஆயர் ஆண்டகை கோயில் திருநாளுக்கு வந்தாலும் சரி, அன்றைக்கு ஒரு செதில்கூட மணலில் கிடக்காது. மீன் வாசத்துக்கும் மொய்க்கிற இலையானுக்கும் நடுவில் ஒரு மனிதரைக் கூப்பிட்டு நிறுத்துவது எங்களுக்கு வெட்கம். பழகின மூக்கு எங்களுடையது. வருகிறவர்கள் மூக்கைப் பொத்தாமல் பொத்துகிற விதத்தை நாங்கள் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். அதனால் வியாழக்கிழமை நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். நாளைக்கு ஒருவரும் மீன் வாங்க வேண்டாம். பாயை எல்லாம் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். விடிய ஈர்க்குமாற்றோடு வாருங்கள்.

மச்சாள் மறுத்தாள்.

"பார்க்க வாறவர் பார்க்கட்டுமே மச்சாள். நாங்க செய்யிறது இதுதானே. இதைக் கூட்டி அள்ளிப்போட்டு என்னத்தைக் காட்டுறது?"

"அவர் கேப்பார், நாங்க வாயால சொல்லுவம். வாய் இல்லையோ எங்களுக்கு?"

"உங்களுக்கு இருக்கு," என்றாள். அதோடு விட்டுவிட்டாள். வயதுக்கு நான் மூத்தவள். இருந்தாலும் அவள் அன்றைக்கு இரண்டு கூடை பாரை மீன் எடுக்க வேண்டியிருந்தது, எனக்காக அதை வேண்டாமென்று விட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடியமுன் நாங்கள் போய்விட்டோம். மேற்கு மூலையில் தொடங்கி வரிசையாக நின்று கூட்டினோம். செதில், வால், உப்புக்கட்டி, காகம் கொத்திப் போட்ட தலை எல்லாவற்றையும் அள்ளிக் கடலில் கொட்டினோம். மீன் கழுவுகிற பீப்பாய்களை உருட்டித் தோணிகளுக்குப் பின்னால் மறைத்தோம். தெருப் பக்கம் இரண்டு தடி நட்டுத் தென்னோலைத் தோரணம் கட்டினோம். கூட்டின தடம் மணலில் அலை அலையாகக் கிடந்தது. ஒரு காலடிகூட அதில் இல்லை. அவ்வளவு வடிவாக அந்த மைதானத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு நெஞ்சு நிறைந்துபோய் நின்றேன்.

வந்தவர் வெளியூர்த் தமிழர், மெல்லக் கதைக்கிறவர், நல்ல மனிதர். அவரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கதிரையும் போத்தல் சோடாவும் வைத்திருந்தோம். அவர் உட்காரவில்லை. நடந்து நடந்து போனில் படம் எடுத்தார். கூட வந்தவர் நாடாவைப் பிடித்து அளந்தார். நாங்கள் கோயில் உடுப்போடு ஒரு கரையில் வரிசையாக நின்றோம். மச்சாள் ஒரு அடி முன்னுக்கு வந்து, "சேர், நாங்கள் இதில..." என்று தொடங்கினாள். நான் அவளுடைய முழங்கையைப் பிடித்து இழுத்தேன். வந்த மனிதர் முதலில் வாயை நனைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்றேன்.

அவர் சோடாவை வாங்கிக் குடித்தார். மைதானத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"நல்ல துப்புரவா இருக்கே அம்மா. எப்பவும் இப்படித்தானோ?"

"ஓம் சேர். எப்பவும் இப்படித்தான் வச்சிருப்பம்."

அதைச் சொன்ன வாய் இதுதான். இப்போது வெற்றிலை போடுகிற இதே வாய். அவர் சந்தோசப்பட்டுத் தலையாட்டினார். போன் அடித்தது. கதைத்துக்கொண்டே போய் வாகனத்தில் ஏறினார். கையைக் காட்டினார். நாங்களும் கையைக் காட்டினோம். வாகனம் சந்தியில் திரும்பி மறைந்த பிறகுதான் ஒருவருடைய பேரையும் அவர் எழுதவில்லை என்பது எங்களுக்குப் பட்டது. கிராம சேவகர் முன்பே கொடுத்திருப்பார் என்று நான் சமாதானம் சொன்னேன். மச்சாள் கதிரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டு மாதம் கழித்துச் சந்தியில் அறிவித்தல் ஒட்டினார்கள். கடைக்காரத் தம்பி வாசித்தார். அடிக்கடி நிறுத்தி நிறுத்தி வாசித்ததிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இடம் வெறும் நிலம், இடைக்கிடை விளையாட்டுக்கு மட்டும் பாவிக்கப்படுவது, தொழில் செய்கிறவர்கள் ஒருவரும் இல்லை, ஆனபடியால் மாற்று இடம் தேவை இல்லை.

நாங்கள் ஆறு பேர் அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். வாசலில் காத்திருந்து காத்திருந்து மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளே இருந்த பிள்ளை பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டது. நாங்கள் இத்தனை வருசமாக அங்கேதான் கருவாடு போடுகிறோம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்தப் பிள்ளை கோப்பைத் திறந்து, ஒரு படத்தை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தது. எங்கள் மைதானம். கூட்டின தடம் அலை அலையாக. தெருப் பக்கம் தோரணம்.

"இதில கருவாடு எங்க அம்மா?"

எனக்கு எழுத்துத்தான் வராது, படம் வாசிக்கத் தெரியும். அந்தப் படத்தில் கருவாடு இல்லை, நாங்களும் இல்லை. நாங்கள் நின்ற கரை படத்துக்குள் வரவில்லை. மச்சாள் படத்தைக் கையில் எடுத்துக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள், பிறகு மேசையில் நேராக வைத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், சண்டை பிடித்து முடித்திருக்கலாம். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மதில் கட்டினார்கள். மதிலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு துண்டு மணல் மிஞ்சியது, இரண்டு பாய் அகலம் இருக்கும். நாங்கள் அதில் போட்டோம். முதல் வருசம் அதுவும் போதும் என்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு படிகள் எழும்பின, படிகளுக்கு மேல் கூரை எழும்பியது. அது கடல் பக்கத்து மதிலோடு, எங்களுக்கு மேற்கே. மத்தியானம் திரும்பியதும் கூரையின் நிழல் மதிலைத் தாண்டி வந்து எங்கள் பாய்களில் படுக்கத் தொடங்கியது. ஒரு மணிக்கு முதல் பாய், ஒன்றரைக்கு எல்லாப் பாயும் நிழல். அரைநாள் வெயிலில் நெத்தலி காயும், சூடையும் ஒருமாதிரிக் காயும். கொஞ்சம் தடித்த மீன் காயாது. மச்சாள் பாரை, கட்டா என்று தடித்த மீன் போடுகிறவள். மூன்றாம் நாள் செவுளைத் திறந்து பார்த்தால் உள்ளே புழு நெளியும். உப்பைக் கூட்டிப் பார்த்தாள். கடைக்காரர்கள் உப்புக் கைக்குதென்று திருப்பிக் கொடுத்தார்கள்.

பிறகு மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் நாடு முழுக்க வரிசையில் நின்ற காலம் வந்தது. பாதித் தோணிகள் கடலுக்குப் போகவில்லை. ஸ்ரேடியம் கட்டுகிற காசும் நின்றுபோனது. வேலையாட்கள் போய்விட்டார்கள். கேற்றில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். அந்த நாட்களை நினைத்தால்தான் எனக்கு மனம் கூடுதலாகச் சோர்ந்துபோகும். கம்பிக் கேற்றுக்குள்ளால் பார்ப்போம். உள்ளே ஒரு குருவி இல்லை. வெறும் சீமெந்துப் படிகள், வரிசை வரிசையாக, காலை தொடங்கி மாலைவரை வெயிலில் கிடந்து சுட்டுக்கொண்டிருந்தன. கருவாடு போட அதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு படியிலும் பாய் விரித்தால் முழுக் கரையின் மீனும் ஒரே நாளில் காய்ந்துவிடும். வெளியே நாங்கள் நிழலுக்குள் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றோம்.

காவலுக்கு இருந்தவரிடம் ஒருநாள் கேட்டும் பார்த்தேன், ஒரே ஒரு படி, அது என்னுடையதுதான் என்று. அவர் சிரித்தார், விடவில்லை. அவருக்கும் அது வேலைதானே.

கடைசியில் எப்படியோ காசு வந்து திறப்புவிழா நடந்தது. அன்றைக்கு ஊரவர்களுக்கு இலவசம் என்றார்கள். மச்சாளைக் கூப்பிட்டேன்.

"நான் என்னத்துக்கு? எனக்கு அங்க படி இல்லை," என்றாள்.

நான் போனேன். பொய் சொல்ல ஏலாது, எனக்கு அழுகை வந்தது, சந்தோசத்தில்தான். பச்சைப் புல்லை அவ்வளவு கிட்ட நான் பார்த்ததே இல்லை. வெள்ளைக் கோடு, வலை கட்டிய கோல். கோலுக்குப் பின்னால் கீழிருந்து மூன்றாம் படியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். கொழும்பிலிருந்து வந்த இரண்டு கழகங்கள் ஆடின. பந்து அவர்களுடைய காலில் ஒட்டிக்கொண்டு போவதுபோல் போனது. தொடங்கும்போது நடுவர் விசிலை வாயில் வைத்தார். என்னை அறியாமல் நான் எழும்பிவிட்டேன். கை பாயைத் தேடியது. பின்னால் இருந்தவர், "ஆச்சி, இருங்கோ, மறைக்குது," என்றார். இருந்தேன். விசில் ஊதிவிட்டது.

நான் எழும்பினதை அன்றைக்கு இரவே மச்சாளுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கழகங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வந்தால் பெரிய காரியம். எங்கள் கரைப் பொடியன்கள் விளையாடக் கேட்டால் முன்பணம் கட்ட வேண்டும், அடிக்கடி ஆடினால் புல்லுக்குக் கூடாதாம், லைட்டுக்குத் தனிக் காசு. அவர்கள் இப்போது பாலையூற்றுப் பக்கம் ஒரு வளவில் விளையாடுகிறார்கள். மற்ற நாட்களில் கேற் பூட்டித்தான் கிடக்கிறது. புல்லுக்கு மட்டும் காலையும் மாலையும் தண்ணீர் அடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரிலும் என்னுடைய சவர்க்காரம் இருக்கும் என்று கடைக்காரத் தம்பியிடம் சொன்னேன். அவர் இப்போது அந்தப் பகிடிக்குச் சிரிப்பதில்லை.

போன கச்சான் காற்றுக் காலத்தில் மதிலுக்கு வெளியே இருந்த எங்கள் துண்டு மணலையும் கேட்டார்கள். வாகனம் நிறுத்த இடம் போதாதாம். திரும்பவும் யாரோ பார்க்க வருவார்கள், திரும்பவும் எழுதிக்கொண்டு போவார்கள் என்று கிராம சேவகர் வந்து சொன்னார். பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மச்சாளும் பார்த்தாள்.

இந்த முறை நான் விடவில்லை. ஒருவரும் ஈர்க்குமாற்றைத் தொட வேண்டாம் என்றேன். இருக்கிற மீன் எல்லாவற்றையும் கொண்டுவந்து போடுங்கள். பாய் போதாவிட்டால் சாக்கில் போடுங்கள், சாக்கு போதாவிட்டால் மதிலில் தொங்கவிடுங்கள். பீப்பாய்களை முன்னுக்கு வையுங்கள். கழுவின தண்ணீரும் குடலும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று குருடருக்கும் தெரிய வேண்டும். மச்சாள் நான் சொன்னபடி செய்தாள். கையில் இருந்த கடைசிக் காசுக்குத் திருக்கை வாங்கி, கீறிக் கயிற்றில் கொழுவினாள். நான் ஒருமுறை பிழை விட்டவள் என்று தெரிந்தும் அவள் என்னைக் கேட்டு நடந்தாள்.

இந்த முறை வந்தது ஒரு பெண்பிள்ளை, படித்த பிள்ளை. மணலில் கால் வைத்ததும் முந்தானையை மூக்கில் வைத்தது. கண் கலங்கிவிட்டது. இலையான் அதனுடைய புத்தகத்தில் வந்து உட்கார்ந்தது. நான் வாயால் எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொருவருடைய பாயையும் காட்டினேன். எத்தனை வருசம், எத்தனை பேர், முந்தி எங்கே போட்டோம், ஏன் இங்கே வந்தோம், ஒன்றையும் விடவில்லை. அது எல்லாவற்றையும் எழுதியது. போகும்போது, "விளங்குது ஆச்சி," என்று என் தோளிலும் தட்டிவிட்டுப் போனது. அன்றைக்கு நான் மச்சாளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு பேரும் பீப்பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து குடித்தோம். அவள் கொஞ்சம் சிரித்தும் கதைத்தாள்.

அறிவித்தலை இந்த முறை மதிலிலேயே ஒட்டினார்கள். கடைக்காரத் தம்பி இறங்கி வந்து வாசித்தார். சனம் கூடுகிற விளையாட்டரங்குக்குப் பக்கத்தில் மீன் கழிவு, துர்நாற்றம், இலையான், சுகாதாரத்துக்குக் கேடு. பதினாலு நாளுக்குள் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். எங்களுடைய எல்லாருடைய பேரும் கீழே இருக்கிறதாம். அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். என்னுடையதுதான் முதலாவது.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். மச்சாள் வந்து பக்கத்தில் இருந்தாள்.

"கூட்டினாலும் போச்சு, கூட்டாட்டியும் போச்சு," என்றாள். "உங்களில பிழை இல்லை மச்சாள். எழும்புங்க, மழை இருட்டுது. மீன் நனையப்போகுது."

அதைச் சொல்லாமல் என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம்.

மற்றப் பெண்களில் இரண்டு பேர் உணவுச்சாலையில் பாத்திரம் கழுவுகிறார்கள். நான் மகனுடைய வீட்டில், பாலையூற்றில் இருக்கிறேன். கொஞ்ச நாள் கூரைத் தகரத்தில் நெத்தலி போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டார் மகனிடம் நாகரிகமாகச் சொன்னார்கள், விட்டுவிட்டேன். மச்சாள் இலங்கைத்துறைக்கு மகளிடம் போய்விட்டாள். அங்கே கரை இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. ஆனால் அது அந்த ஊர்ப் பெண்களுடைய கரை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொந்தக்காரி இருக்கிறாள். இவள் அவர்களுடைய மீனைக் கூலிக்குக் கீறிக் கொடுக்கிறாள். பஸ்ஸில் ஏற்றிவிடப் போனபோது அவளுடைய பாய்கள் சுருட்டிக் கட்டிக் கையில் இருந்தன. அங்கே விரிக்க இடம் இல்லை என்று தெரிந்தும் கொண்டுபோனாள்.

போன கிழமை திரும்பவும் ஒரு பெரிய ஆட்டம். மகன் ஓட்டோவில் கொண்டுபோய் விட்டான். ரிக்கற் எடுத்துத்தான் உள்ளே போக வேண்டும், அவனே எடுத்துத் தந்தான். உள்ளே போகுமுன் மதிலைச் சுற்றிக் கடற்கரைப் பக்கம் போய்ப் பார்த்தேன். எங்கள் துண்டு மணலுக்குக் கிறவல் மண் போட்டு இறுக்கியிருந்தார்கள். கார்கள் நெருக்கமாக நின்றன. இன்னும் மத்தியானம் திரும்பவில்லை, நிழல் வரவில்லை. வெயில் நேராகக் கார்களின் மேல் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. ஒரு கறுத்தக் காரின் முன் தகட்டில் கையை வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு.

இரவு மச்சாளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அந்தக் காரில் ஒரு பாய் நெத்தலியைப் போட்டால் ஆட்டம் முடியமுன் காய்ந்துவிடும், காருக்கு ஒரு பாய், முப்பது நாற்பது கார், ஒருவருக்கும் தெரியாமல் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்று. அவளைச் சிரிக்கவைக்கத்தான் வழி முழுக்க அதை யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு கேட்டாள்.

"படியில இருந்தனீங்களோ?"

"ஓம், இருந்தனான்," என்றேன்.

"விசில் ஊதேக்க எழும்பினனீங்களோ?"

இல்லை என்று சொன்னேன். அதுதான் உண்மை. இந்த முறை நான் எழும்பவில்லை.